காட்டிலிருந்து கதவு வரை

வகுப்பறையில் நீங்கள் அமரும் பெஞ்சு, எழுதும் மேசை, கரும்பலகையின் சட்டம், நாள்தோறும் கடந்து செல்லும் நிலைவாசல் ஆகிய யாவும் ஒரு காலத்தில் எங்கோ வேரூன்றி நின்ற மரங்களே. தாவரவியல் வகுப்பில் இலையையும் பூவையும் வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம். அந்த மரம் பலகையாகும் கதையை மட்டும் தச்சரிடம் விட்டுவிடுகிறோம். வீட்டுக்குக் கதவோ கட்டிலோ செய்யும் நாள் வந்தால் அப்பாவும் ஆசாரியும் மரக்கடைக்குப் போவார்கள்; அம்மா விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார். அவ்வளவோடு பெண்களின் பங்கு முடிந்துவிடுகிறது. ஏன் அப்படி இருக்க வேண்டும்? மரம் பார்த்து வாங்குவதற்கு நீங்கள் பள்ளியில் படிக்கும் கணக்கும் தாவரவியலும் ஏறக்குறையப் போதுமானவை.

மரக்கடையில் நல்ல தச்சர் முதலில் கேட்பது மரத்தின் பெயரை அன்று. அறுத்த முகத்தைத்தான் அவர் பார்ப்பார். அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் இரண்டு பகுதிகள் தெரியும். பட்டையை ஒட்டி வெளிறிய வளையம். அதற்கு உள்ளே நிறம் கூடிய வட்டம். வேர் உறிஞ்சிய நீர் மேலே ஏறுவது அந்த வெளிறிய பகுதியின் வழியாகத்தான். மரம் சேமித்து வைக்கும் மாவுப்பொருளும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே வண்டுக்கும் பூஞ்சைக்கும் அது நல்ல விருந்து. ஆண்டுகள் செல்லச் செல்ல, உட்புறத்துத் திசுக்கள் நீர் கடத்தும் வேலையை நிறுத்திவிடுகின்றன. அவற்றில் எண்ணெய், பிசின், நிறப்பொருள்கள் படிகின்றன. இப்படி உருவாகும் உள்வட்டமே வைரம். வயதிலும் தளராத பெரியவர்களை 'வைரம் பாய்ந்த கட்டை' என்று நாம் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். மரத்தைப் பொறுத்தவரை இது உவமை அன்று, உண்மை.

பனையில் மட்டும் எல்லாம் தலைகீழ். அதன் வலுவெல்லாம் வெளிப்புறத்தில்; நடுவில் இருப்பதோ சோறு எனப்படும் மென்மையான நார். எனவேதான் பனையைப் பிளந்து, உட்சோற்றைச் செதுக்கி எறிந்து, வெளிப்பகுதியைக் கூரைக்குக் கைமரமாக இடுகிறார்கள். உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், வெளியே வைரம் உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்து வைத்திருக்கிறது. அக்கணக்கில் வானளாவிய பனையும் ஒரு புல்லே! இன்றைய தாவரவியலும் பனையைப் புற்களோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைக்கிறது. இலக்கணம் எழுதியவர் தச்சுப் பட்டறையையும் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

இனித் தேக்குக்கு வருவோம். தேக்கைவிட வலிமையான மரங்கள் நம் நாட்டில் பல உண்டு. அதைவிடக் கனமானவையும் உண்டு. பின் ஏன் தேக்குக்கு இத்தனை மதிப்பு? அதன் வைரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசையும், கரையானுக்குப் பிடிக்காத ஒரு வேதிப்பொருளும் இருக்கின்றன. ஈரத்தில் உப்புவதும் வெயிலில் சுருங்குவதும் மற்ற மரங்களைவிடக் குறைவு. உளிக்கும் இழைப்புளிக்கும் முரண்டு பிடிக்காது. இன்னொன்றும் உண்டு. ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் அந்தத் தொல்லை இல்லை. கப்பல் கட்டுவோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஐரோப்பாவில் நெப்போலியன் காலத்துப் போர்கள் ஓக் காடுகளைத் தின்று தீர்த்தபோது, பிரிட்டிஷ் கடற்படை பம்பாயில் தேக்குக் கப்பல்களைக் கட்டச் சொன்னது. அவ்வாறு மலபார்த் தேக்கால் கட்டப்பட்டு 1817-ல் பம்பாயில் நீரில் இறக்கப்பட்ட 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல், 200 ஆண்டுகள் கடந்தும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. பெயர் நம் திருகோணமலையின் பெயர்தான்.

ஆனால் கப்பலுக்குப் போன மரத்துக்கு ஈடாக யாரும் கன்று வைக்கவில்லை. மலபார்க் காடுகளிலும் ஆனைமலையிலும் வெட்டு மட்டும் நடந்தது. பொள்ளாச்சிக்கு மேலே டாப் ஸ்லிப் என்று ஓர் இடம் உண்டல்லவா? மலை உச்சியில் வெட்டிய கட்டைகளைச் சரிவில் உருட்டி விட்ட இடம் அது. பெயரே அதனால் வந்தது. சில பத்தாண்டுகளில், பக்கத்தில் வெட்டக் கூடிய நல்ல தேக்கு அருகிப் போயிற்று.

அப்போது மலபார் கலெக்டராக இருந்தவர் கானலி. இன்று கேரளத்தில் உள்ள நீலம்பூரில் 1840-களில் தேக்குத் தோட்டம் போட அவர் முனைந்தார். ஆணையிடுவது எளிது, விதை முளைக்க வேண்டுமே! தேக்குக் காயின் ஓடு கல்லைப் போன்றது. முதல் முயற்சிகள் பலன் தரவில்லை. காட்டு அலுவலராக இருந்த சாத்து மேனன் என்பவரே விடாமல் பார்த்து, நாற்றங்காலில் கன்று வளர்த்து நடும் வழியை அங்கே நிலைநாட்டினார். அடுத்த ஆண்டுகளில் அவர் மேற்பார்வையில் லட்சக்கணக்கான கன்றுகள் சாலியாற்றங்கரையில் ஊன்றப்பட்டன. உலகின் பழமையான தேக்குத் தோட்டம் என்று இன்று குறிப்பிடப்படுவது அதுவே. தேக்குக்கு நல்ல வைரம் ஏற 60 முதல் 80 ஆண்டுகள் வேண்டும். கானலி 1855-ல் கோழிக்கோட்டில் கொல்லப்பட்டார். தாம் வைத்த மரத்தில் ஒரு பலகையைக்கூட அவர் பார்க்கவில்லை. அம்மரங்கள் முதிர்ந்த காலத்திலோ கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன! அவை வேறு வேலைகளுக்குப் போயின. எஞ்சிய ஒரு சிறு பகுதியைக் 'கானலி தோட்டம்' என்று பாதுகாத்து வருகிறார்கள். நீலம்பூரில் 1995-ல் தேக்குக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. சுற்றுலாவுக்கு ஊட்டி செல்லும் பள்ளிகள் கூடலூர் வழியாக இறங்கி அதையும் பார்த்துவிட்டு வரலாம்; இது என் யோசனை மட்டுமே.

ஆனைமலைப் பக்கமும் ஒருவர் இருந்தார். ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தேக்கை மீண்டும் எழுப்பினார். கைத்தடியால் மண்ணில் துளையிட்டு அதில் விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. வெட்டிய அடிமரத்தை வேரோடு பிடுங்காமல் விட்டு, அதிலிருந்து புதுத் துளிர் வர வழி செய்ததும் அவரே. அவருடைய கல்லறை டாப் ஸ்லிப்பில் அந்தத் தேக்குகளின் நடுவே இருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குப் 'பர்மா தேக்கு' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. இரு கை சேர்த்து அணைக்க முடியாத தூண்கள்! பர்மாவில் வட்டித் தொழில் செய்த நகரத்தார் மரத்தைக் கப்பலேற்றிக் காரைக்குடிச் சீமைக்குக் கொண்டுவந்தனர். அந்தக் காட்டுத் தொழிலின் முறை வியப்பானது. பச்சைத் தேக்கு நீரில் மூழ்கிவிடும். ஆகையால் முதலில் மரத்தை வெட்டமாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிறிய பகுதியையும் வளையமாக அறுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே விட்டுவிடுவார்கள். நீர் ஏறும் வழி அறுந்ததால் மரம் நின்ற நிலையிலேயே காய்ந்துவிடும். அதன்பின் வெட்டினால் மிதக்கும். யானைகள் ஓடைக்கு இழுத்துச் செல்ல, மழைக்கால வெள்ளம் ஆற்றில் சேர்க்க, கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி ஐராவதி வழியாக ரங்கூனுக்கு ஓட்டுவார்கள். இந்தத் தேக்கின் பொருட்டு ஒரு போரே நடந்தது. வெட்டிய கட்டைகளைக் குறைத்துக் காட்டியதாக ஓர் ஆங்கில மரக் கம்பெனிக்குப் பர்மிய அரசு 1885-ல் பெருந்தொகை அபராதம் விதித்தது. அதையே சாக்காக வைத்து ஆங்கிலேயர் படையெடுத்து மாண்டலேயைப் பிடித்தனர். ஒரு நாட்டின் அரசர் அரியணை இழந்தார்.

கட்டை இப்போது மர ஆலைக்கு வந்துவிட்டது. இங்கேதான் கணக்குப் பாடம் தொடங்குகிறது. உருண்டைக் கட்டையின் கன அளவு காண நீங்கள் என்ன செய்வீர்கள்? சுற்றளவிலிருந்து ஆரம் கண்டுபிடித்து, உருளையின் சூத்திரத்தைப் போடுவீர்கள். மர வியாபாரத்தின் பழைய வழக்கம் வேறு. சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 1736-ல் ஹோப்பஸ் என்ற ஆங்கிலேயர் இதற்கு வாய்பாடே அச்சிட்டார். 5 அடி சுற்றளவும் 12 அடி நீளமும் உள்ள கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 5-ஐ நான்கால் வகுத்தால் 1.25, அதன் வர்க்கத்தை 12-ஆல் பெருக்க 18.75 கன அடி. உருளையின் சூத்திரப்படியோ ஏறத்தாழ 24 கன அடி. 100-க்கு 78 அரை மட்டுமே கணக்கில் வருகிறது. மீதி எங்கே போயிற்று? உருண்டையைச் சதுரமாக்கும்போது முதுகுப் பலகையாகவும் மரத்தூளாகவும் கழிவது கழிவதுதான் என்று முன்கூட்டியே விட்டுக்கொடுத்த அளவு அது. அறுத்த மரத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. 12 அடி நீளம், 6 அங்குல அகலம், 2 அங்குலக் கனம் என்றால் மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். சரியாக 1 கன அடி. பில்லில் உள்ள கன அடியை வீட்டில் ஒரு முறை நீங்களே போட்டுப் பாருங்கள், பெற்றோர் மகிழ்வார்கள்.

அறுக்கும் திசையும் முக்கியம். கட்டையைச் சும்மா அடுக்கடுக்காக அறுத்தால் அகலமான பலகைகள் கிடைக்கும், மலைமுகடு போன்ற அழகிய வரிகள் தெரியும், சேதாரமும் குறைவு. ஆனால் அப்பலகை வளையும். காரணம் இது: மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஒரு பங்கு சுருங்கினால், வளையத்தை ஒட்டிய திசையில் ஏறத்தாழ இரண்டு பங்கு சுருங்குகிறது. இந்த ஏற்றத்தாழ்வுதான் பலகையைக் குழிவாக்குகிறது. கட்டையை முதலில் நான்காகப் பிளந்து, நடுவிலிருந்து வெளிநோக்கி அறுத்தால் நேர்வரிகள் கொண்ட, வளையாத பலகை கிடைக்கும். அதற்கு மரமும் கூலியும் அதிகம் ஆகும்.

அறுத்த உடனே இழைத்துவிடவும் கூடாது. பச்சை மரத்தில் உள்ள நீர் முதலில் செல்களின் உள்வெளியிலிருந்து வெளியேறும். அப்போது அளவு மாறாது. மரத்தின் உலர்ந்த எடையில் சுமார் 30 விழுக்காடாக ஈரம் குறைந்த பின்புதான் செல்சுவரிலிருந்து நீர் நீங்கத் தொடங்கும்; சுருக்கமும் அப்போதே தொடங்கும். வீட்டுக்குள் பயன்படும் பலகையில் ஈரம் 12 விழுக்காட்டை ஒட்டி இருப்பது நல்லது. பலகைகளை நிழலில், தரையில் படாமல், இடையிடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்கி, காற்று புகவிட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. இன்று சூடான அறையில் வைத்துச் சில வாரங்களிலேயே உலர்த்தும் வசதி பெரிய ஆலைகளில் உண்டு. அவசரக்காரர்கள் இரண்டையும் செய்வதில்லை. ஐப்பசி அடைமழையில் கதவு உப்பிச் சாத்த மறுப்பதும், சித்திரையில் பலகைக்குப் பலகை இடைவெளி விடுவதும் அதனால்தான். நன்றாக உலர்ந்த மரமும் சற்று அசையத்தான் செய்யும். நம் பழைய தச்சர்கள் அதற்கு இடம் வைத்தார்கள். சட்டத்தில் பள்ளம் எடுத்து, நடுப்பலகையை அதில் பசையோ ஆணியோ இன்றிச் செருகிவிடுவர். பலகை உள்ளே விரியும், சுருங்கும். கதவின் அளவு மாறாது. பழைய வீட்டுக் கதவின் நடுப்பலகையை இலேசாக அசைத்துப் பாருங்கள். 'கடகட' என்று ஓசை வந்தால் அது குறை அன்று, வேலைத்திறன்.

தேக்கு ஒன்றுதான் மரம் என்று எண்ணிவிட வேண்டாம். செக்குக்கு வாகை, வண்டிச் சக்கரத்தின் குடத்துக்குக் கருவேலம், தீக்குச்சிக்குப் பெருமரம் என்று வேலை பார்த்து மரம் வைத்தார்கள் முன்னோர். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா. வேங்கைக் குவளையில் நீர் ஊற்றி வைத்தால் நீலச்சாயல் ஒளிரும். பூவரசு பெஞ்சும் வேம்பு நிலையும் தலைமுறைகளைத் தாங்கியிருக்கின்றன. கருஞ்சிவப்பான ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள், அழகில் தேக்கையும் விஞ்சும். அதனாலேயே அழிவின் விளிம்புக்குப் போயிற்று. அதைக் காக்கத் தமிழக அரசு 1994-ல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. எல்லா வேலைக்கும் தேக்கே வேண்டும் என்பது புதுப் பழக்கம். அடுக்களை அலமாரிக்குத் தேக்கு தேடுவது, என் கருத்தில், வீண் பகட்டு.

ஏனெனில் முதிர்ந்த காட்டுத் தேக்கு இனி எளிதில் வராது. நீலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நம் நீலகிரி மாவட்டக் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதைக் கண்டு 1995-ல் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 12-ல் பிறந்த ஆணை நாடெங்கும் பாய்ந்தது. அரசு ஒப்புக்கொண்ட வேலைத்திட்டப்படி அன்றிக் காட்டில் மரம் வெட்டலாகாது. ஒப்புதலின்றிக் காட்டுக்குள் இயங்கும் மர ஆலைகள் நிற்க வேண்டும். பின்னர் மியான்மரும் 2014 ஏப்ரல் முதல் உருண்டைக் கட்டைகளின் ஏற்றுமதியை நிறுத்திற்று. ஆகவே தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கிச் செங்கோட்டைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகும் தேக்கு இன்று கானா, தான்சானியா, ஈக்வடார், பனாமா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. ஆசியாவில் பிறந்த மரம் உலகைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது!

இவற்றில் பல 20, 25 ஆண்டுகளில் வெட்டிய தோட்ட மரங்கள். தஞ்சை வாய்க்கால் கரைகளில் வனத்துறை வளர்த்த தேக்கும், உழவர்கள் வரப்பில் வைத்த தேக்கும் நம் ஊர்க் கடைகளில் உண்டு. விரைந்து வளர்ந்த தேக்கு வலுவற்றது என்று சிலர் சொல்வது சரியன்று. வலுவில் பெரிய குறை இராது. குறை வேறிடத்தில் இருக்கிறது. இளமரத்தில் வெளிறிய பகுதி அதிகம், வைரம் குறைவு. கரையானைத் தடுப்பது தேக்கு என்ற பெயர் அன்று, அந்த வைரமே. வெளிறிய பகுதிக்குச் சாயம் பூசி ஒரே நிறமாக்கி விற்றால் புதிதாய் வாங்குபவர்க்குத் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் கட்டிலின் காலடியில் மாவு போல் தூள் உதிரும்போதுதான் தெரியும். மகள் திருமணத்துக்குக் கடன் வாங்கிக் கட்டில் செய்த குடும்பத்துக்கு அது சிறிய இழப்பு அன்று. எனவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். மெருகேற்றிய பொருளை வாங்குவதைவிட, இயலுமானால் மரத்தைப் பார்த்து வாங்குங்கள். பலகையின் முகத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், இரு முனைகளையும் பாருங்கள். வளையங்களும் வெளிறிய ஓரமும் அங்கே மறைக்க முடியாதபடி தெரியும். ஓரத்தில் சிறிது இழைத்துக் காட்டச் சொல்லுங்கள். தேக்கு வைரமானால் தோலின் மணமும் விரலில் எண்ணெய்ப் பிசுபிசுப்பும் தெரியும். வைரம் குறைந்த மரம்தான் கைக்கு எட்டும் என்றால், அதை நிலைக்கும் தரைப்பக்கத்துக்கும் கொடுக்காமல், நனையாத இடத்துக்குக் கொடுக்கலாம். பூச்சி மருந்து ஏற்றிய மரமா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

பழைய மரத்துக்கு இதனால் தனி மதிப்பு வந்திருக்கிறது. செட்டிநாட்டில் வீடு இடிபட்டால் தூணும் உத்திரமும் கதவும் காரைக்குடிக் கடைவீதியில் விற்பனைக்கு வந்துவிடுகின்றன. ஆணித் துளைகளை அடைத்து, மேல்தோலை இழைத்தால் உள்ளே பொன்னிறம் அப்படியே இருக்கும். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் ஆச்சா மரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் புது மரத்தைக் கையால் தொடுவதில்லை. பல பத்தாண்டுகள் ஒரு வீட்டின் கூரையைத் தாங்கி, ஈரமெல்லாம் வற்றி, இனி அசையாது என்ற நிலைக்கு வந்துவிட்ட உத்திரங்களையும் தூண்களையும் தேடி வாங்கி, அறுத்து, கடைந்து, துளையிடுகிறார்கள்.